அளவு தப்பாத கை

மினியாபொலிஸ்,
1983 பிப்ரவரி 9

துக்கத்துக்கு முடியை வெட்டிவிட்டேன், சின்னம்மா. நீங்கள் கேட்பதற்கு முன்பே. பேருந்திலிருந்து இறங்கி அறைக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். காகிதம் வெட்டும் கத்தரிக்கோல். தோளுக்கு மேலே கோணலாக நிற்கிறது. அறைத்தோழி பார்த்துவிட்டுப் புது அலங்காரம் நன்றாக இருக்கிறது என்றாள். நன்றி சொன்னேன்.

நீங்களும் ஆர்வில் சித்தப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? இந்தக் குளிரில் உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது? என் இருமல் போய்விட்டது. சாப்பிடுகிறேன்.

அடக்கத்துக்கு வரும் வழியில் ராப்பிட் சிட்டியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பனிப்புயல். மேற்கே எல்லாச் சாலையும் மூடியிருந்தது. நிலையத்துக் கடிகாரத்துக்கு எதிரே என் பெஞ்சு. இப்போது குளிப்பாட்டுவார்கள். இப்போது பாடுவார்கள். இப்போது மண். சாலை திறந்தபோது இரண்டு பேருந்துகள் நின்றன. நான் கிழக்கே போவதில் ஏறினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

நான் அவளைக் காகு என்பேன். அவள் என்னைக் காகு என்பாள். பாட்டிக்கும் பேத்திக்கும் நம் மொழியில் ஒரே சொல்தானே. இப்போது அந்தச் சொல்லின் ஒரு முனை மட்டும் என் கையில்.

வெட்டிய முடியைக் காகிதப் பையில் வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

ரோனெல்


ஃபோர்ட் வாஷகி,
பிப்ரவரி 20

கண்ணு ரோனெல்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. சித்தப்பாவுக்குச் சளி. நீ இரவில் காலுறை போட்டுக்கொண்டு தூங்கு.

முடியைப் பத்திரமாக வை. வரும்போது கொண்டு வா. என்னுடையதோடு சேர்த்து எரிப்போம். பேருந்து விஷயத்தை நான் சித்தப்பாவிடம் படித்துக் காட்டவில்லை.

எல்லாம் முறையாக நடந்தது. நான்கு நாள் வீடு நிறைய ஆள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். வளர்ந்து மீசை வைத்தவர்கள்கூட வந்தார்கள். பக்கத்து அரபாஹோ இனப் பெண்கள் பதினான்கு பழப் பணியாரம் கொண்டுவந்தார்கள். நம் பக்கம் ஒன்பது. ஓப்பல் அதை எண்ணிப் பார்த்துவிட்டு, "போனவளுக்கு மட்டும் இது தெரிஞ்சா, இப்பவே எந்திரிச்சு மாவு பிசைய ஆரம்பிச்சிடுவா" என்றாள். அறுபது வருடச் சிநேகிதி. அவளுக்குச் சொல்ல உரிமை உண்டு.

ஓப்பலும் நானும்தான் குளிப்பாட்டி உடுத்தினோம். நீல உடுப்பு, விளிம்பு தொங்கும் பெரிய சால்வை, வெள்ளிக் காதணி, முகத்தில் செம்மண் சாயம். அழகாக இருந்தாள்.

பிறகு முறைப்படி அவள் பொருள் எல்லாவற்றையும் வந்தவர்களுக்குக் கொடுத்தோம். மணி போட்ட ஜாடிகள், ஊசிகள், போர்வைகள், சமையல் சட்டி. வீடு காலி. கட்டில் இருந்த இடத்தில் தரை வேறு நிறம்.

ஒரு வருடத்துக்குப் பெயரைச் சொல்லாதே. எழுதவும் எழுதாதே. அவளைப் போகவிட வேண்டும்.

லுவெல்லா சின்னம்மா


மினியாபொலிஸ்,
மார்ச் 1

சின்னம்மா,

சித்தப்பாவின் சளி இறங்கியதா? காலுறை போடுகிறேன்.

ஒரு செய்தி. நல்ல செய்தி என்றுதான் நினைக்கிறேன். இங்கே பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஏப்ரல் கடைசியில் ஒரு கண்காட்சி. என் பேராசிரியர் ஒரு கண்ணாடிப் பெட்டியை முழுவதுமாகக் காகுவுக்குத் தருகிறார். பக்கத்தில் ஒரு பக்கக் குறிப்பு. நான் எழுத வேண்டும். கண்காட்சி முடிந்ததும் பொருள் அவர்களிடமே நிரந்தரமாக இருக்கலாம், நான் கையெழுத்துப் போட்டால். நூறு ஆண்டு கெடாமல் வைத்திருப்பார்கள்.

ஆசிரியர், ஓவியர் என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இருபது ஆண்டு அவள் வீட்டில் தூங்கியிருக்கிறேன், அவள் எந்த ஆண்டு பிறந்தாள் என்று தெரியவில்லை.

பெயர் வேண்டும் என்கிறார்கள். நீங்கள் சொன்னதைச் சொன்னேன். பேராசிரியர் தலையசைத்தார், பிறகு மறுபடியும் பெயர் கேட்டார்.

அடக்கத்துக்கு நான் வரவில்லை. இதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். தெரிந்ததை எழுதி அனுப்புங்கள்.

ரோனெல்


ஃபோர்ட் வாஷகி,
மார்ச் 12

ரோனெல் கண்ணுக்கு,

நாங்கள் சுகம். சித்தப்பா இருமிக்கொண்டே கன்றுக்குட்டிகளைப் பார்க்கப் போகிறார். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

என் அம்மா, உன் காகு, பிறந்தது டிரவுட் கிரீக் பக்கம், சோக்செர்ரி பழுக்கும் மாதத்தில். அரசாங்கக் காகிதத்தில் 1906. தேவாலயக் காகிதத்தில் 1908. வயதானவளாக இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றைச் சொல்வாள், இல்லாத இடத்தில் மற்றதை.

ஏழு வருடம் விடுதிப் பள்ளியில் வைத்திருந்தார்கள். அங்கே இஸ்திரி போடக் கற்றுக்கொண்டேன் என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திரும்பி வந்த பிறகு சாகும்வரை ஒரு துணிக்கு இஸ்திரி போட்டதில்லை. கவனித்திருக்கிறாயா, நாம் எல்லோரும் கசங்கலாகத்தான் வளர்ந்தோம்.

1962இல் பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டு கழுவப் போனாள். பிள்ளைகள் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தால், தட்டில் இருப்பதன் பெயரை நம் மொழியில் சொல்ல வைத்துத்தான் அடுத்த கரண்டி. ஒரு வாத்தியார் அதைக் கேட்டுவிட்டு வகுப்புக்கு அழைத்துப்போனார். பத்தொன்பது வருடம் நம் மொழிப் பாடம் நடத்தினாள். கடைசிவரை அவள் அட்டையில் உதவியாளர் என்றுதான் இருந்தது. மளிகைப் பையைக் கிழித்து விரித்து, ஒரு நாளைக்கு ஒரு விலங்கு வரைவாள். கீழே அதன் பெயர் எழுத மாட்டாள். ஏன் என்று கேட்டேன். "எழுதினா காகிதத்தப் பாப்பாங்க. என் வாயப் பாக்க மாட்டாங்க."

பிறகு பதப்படுத்திய விலங்குத் தோலில் வரைய ஆரம்பித்தாள். அது நம்மில் ஆண்கள் செய்வது, உனக்குத் தெரியும். ஓப்பல் வாசலில் நின்று கத்தினாள். "அது ஆம்பள வேலைடீ. எருமை வேட்டைய எழுதறதுக்கு நீ வேட்டைக்குப் போனியா?"

"இங்க இருக்கிற ஆம்பளைங்க மட்டும் எந்த எருமையத் துரத்தினாங்க? நான் பாத்தத எழுதறேன்" என்று அம்மா பள்ளிக்கூடப் பேருந்தை எழுதினாள். மான் கூட்டத்துக்கு நடுவே மஞ்சள் பேருந்து. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு பிள்ளை. அந்தத் தோலைப் பேருந்து ஓட்டுகிறவருக்குக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு தன் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கிளப்பவில்லை.

இது போதுமா? நீ எந்தப் பொருளை அந்தப் பெட்டியில் வைக்கப் போகிறாய் என்று எழுதவில்லை.

சின்னம்மா


மினியாபொலிஸ்,
மார்ச் 19

சின்னம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பேருந்து ஓட்டுகிறவரை நான்கு முறை. நீங்கள் இருவரும் நலம்தானே?

என்னிடம் இருப்பது ஒன்றுதான். மணி கோத்துத் தைத்த தோல் காலணிகள். வெள்ளை மணித் தரையில் மூன்று சிவப்பில் ரோஜா. ஓரத்தில் பச்சை ஏணிப்படி. அவள் செய்ததிலேயே அதுதான் சிறந்தது.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தேனே, அப்போது. பெட்டியில் போர்வை தேடும்போது அடியில் இருந்தது, மாவுச்சாக்குத் துணியில் சுற்றி. பட்டமளிப்புக்கு என்று உடனே தெரிந்துவிட்டது. நம் வீட்டில் யார் பள்ளி முடித்தாலும் ஒரு ஜோடி உண்டே. "எனக்கா, காகு?" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "புடிச்சிருக்கா?" என்றாள். பிடித்திருக்கிறது என்றேன். கை நீட்டி வாங்கி, தூசி தட்டி, மறுபடியும் துணியில் சுற்றி என் மடியில் வைத்தாள். நீங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

இங்கே வந்து போட்டுப் பார்த்தேன். விரல்கள் மடிகின்றன, குதிகால் இறங்கவில்லை. கடைசியில் கை அளவு தப்பிவிட்டது. எழுபத்தாறு வயது. அதைக் குறிப்பில் எழுத மாட்டேன்.

பட்டமளிப்பில் போட முடியாது. அதனால் பெட்டிக்குள் இருப்பதே நல்லது. சரிதானே?

ரோனெல்


மினியாபொலிஸ்,
ஏப்ரல் 6

சின்னம்மா,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. முழங்காலா? சித்தப்பாவா? மளிகைக் கடைக்குத் தொலைபேசி செய்தேன். நீங்கள் நேற்று வந்து காபித்தூள் வாங்கிப் போனதாகச் சொன்னார்கள். ஆகவே நலம்.

இன்று அருங்காட்சியகத்தில் காலணிகளை அளந்தார்கள். கையுறை போட்ட ஒரு பெண், சிறிய அளவுகோல். இருபத்திரண்டு சென்டிமீட்டர். அட்டையில் எழுதிக்கொண்டாள். என் பாதம் இருபத்தைந்து.

அவள் கை மூன்று சென்டிமீட்டர் தப்பாது.

அவள் நம் எல்லோர் பாதத்தையும் பழுப்புக் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தாள். என்னுடையதைக் கடந்த ஆகஸ்டில் புதிதாக வரைந்தாள். பென்சில் கூசியது, நெளிந்தேன். "ஆடாத, வாத்து" என்றாள். ஆகஸ்ட் அளவு அவளிடம் இருந்தது. மணி கோக்கத் தொடங்கினால் அதைத்தான் எடுத்திருப்பாள்.

இருபத்திரண்டு யாருடையது? உங்களுடையது இல்லை. உங்கள் பாதத்தை அவள் துடுப்பு என்பாள். என் அம்மா இறந்து பதினாறு ஆண்டு. நம் வீட்டில் சின்னப் பாதம் ஒன்றுதான் இருந்தது.

நான் நினைப்பது தவறு என்று எழுதுங்கள்.

ரோனெல்


ஃபோர்ட் வாஷகி,
ஏப்ரல் 14

ரோனெல்,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

இங்கே மறுபடியும் பனி. மூன்று கன்று போய்விட்டது. சித்தப்பாவின் வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது; அதோடு பேசுகிற பேச்சை எழுத முடியாது. பாத அளவுக் காகிதங்களை அடுப்பில் போட்டுவிட்டோம். நிறைய வேலை. நீ பரீட்சைக்குப் படி.

சின்னம்மா


மினியாபொலிஸ்,
ஏப்ரல் 18

சின்னம்மா,

நலமா என்று கேட்கவில்லை.

நீல உடுப்பு, சால்வை, காதணி, செம்மண் சாயம் என்று எழுதியிருந்தீர்கள். காலில் என்ன போட்டீர்கள்?

ரோனெல்


ஃபோர்ட் வாஷகி,
ஏப்ரல் 27

ரோனெல்,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

என்னுடையதைப் போட்டேன். என் கல்யாணத்துக்கு அம்மா செய்து தந்தது. பெரிதாக இருந்தது. முனையில் வாசனைச் சேஜ் இலையை அடைத்தோம். அப்படியும் குதிகால் கழன்றது, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். ஓப்பல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "துடுப்பு மாட்டிக்கிட்டுப் போறா. ஆத்தத் தாண்ட வசதிதான்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் வெளியே போய்விட்டாள். நான் அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ நினைப்பது தவறு இல்லை. இரண்டு குளிர்காலம் தைத்தாள், தன் கடைசிப் போக்குக்கென்று. புதுக் காலணி இல்லாமல் போகக் கூடாது என்பது உனக்கும் தெரியும். ஆனால் அதைப் பெட்டியில் பார்த்தபோது உனக்குத் தோன்றவில்லை. உனக்கு வயது இருபத்திரண்டு. உனக்கு எதற்குத் தோன்ற வேண்டும்?

உனக்கென்று தோல் வெட்டி வைத்திருந்தாள், ஆகஸ்ட் அளவுக்கு. வசந்தத்தில் தைப்பேன் என்றாள். நீ பேருந்து ஏறிய அன்று, கொடுத்ததற்காக அவளைத் திட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "இன்னொன்னு தச்சுக்கிறேன். நான் எங்க ஓடிப்போறேன்?" என்றாள். மறுநாளே தனக்குப் புதிதாகத் தோல் வெட்டி உட்கார்ந்தாள். கண் தெரியவில்லை. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவாள். ஐந்து வாரத்தில் ஒரு இதழும் பாதியும். அதோடு நின்றுவிட்டது.

உனக்காக வெட்டிய தோலை ஓப்பல் மடித்து அவள் தலைக்கு அடியில் வைத்தாள்.

கோபமாகத்தான் இருந்தேன். அந்த வீட்டில் எதைப் பார்த்தாலும் "எனக்கா" என்று கேட்கிற பிள்ளையாகவே உன்னை வளர்த்துவிட்டோம். அடக்கத்துக்கும் நீ வரவில்லை. கண்ணு என்று எழுதினேன், கோபத்தோடுதான் எழுதினேன். உனக்குத் தெரியவே கூடாது என்று ஓப்பலிடம் சத்தியம் வாங்கினேன். நீ அளவுகோலை எடுத்துக்கொண்டு வருவாய் என்று யார் கண்டது.

உனக்குச் சொன்ன பிறகு கோபம் இல்லை. எங்கே போனது என்று தெரியவில்லை.

சின்னம்மா


மினியாபொலிஸ்,
மே 2

சின்னம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். அதாவது எழுந்து நடமாடுகிறேன். நீங்கள் சாப்பிட்டீர்களா?

காலணிகள் போன வாரமே பெட்டிக்குள் போய்விட்டன. கீழிருந்து விளக்கு. நேற்றுப் போய்ப் பார்த்தேன். ஒருவர் தன் மனைவியிடம், எவ்வளவு சின்னப் பாதம், குழந்தையுடையதாக இருக்கும் என்றார். நான் திருத்தவில்லை.

நிரந்தரமாகக் கொடுக்கும் தாள் என் மேசையில் இருக்கிறது. பதினைந்தாம் தேதிக்குள் கையெழுத்து. போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அவளுக்கும் இல்லாமல் செய்துவிட்டேன், எனக்கும் வேண்டாம். கண்ணாடிக்குள் யார் காலும் போகாது. அல்லது உங்களுக்கு அனுப்புகிறேன். உங்களுக்கு இப்போது ஒரு ஜோடியும் இல்லை. அல்லது நான் வந்து அவள் பக்கத்தில் குழி தோண்டி வைக்கிறேன்.

எது என்று சொல்லுங்கள். நான் செய்கிறேன்.

ரோனெல்


ஃபோர்ட் வாஷகி,
மே 7

கண்ணு ரோனெல்,

சாப்பிட்டேன். சித்தப்பாவின் வண்டி கிளம்பிவிட்டது. அவருக்கும் இருமல் இல்லை. நீ தூங்கு.

எனக்கு அனுப்பாதே. என் காலில் பாதிதான் நுழையும். மண்ணைத் தோண்டுகிற வேலையும் வேண்டாம். போனவளைத் தொந்தரவு செய்யக் கூடாது. எனக்கு ரப்பர் பூட்ஸ் இருக்கிறது. அதற்குள் செத்துப்போகிற உத்தேசமும் இல்லை.

ஒன்று கேள். உன் காகு பத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். ஒரு நாளைக்கு நூறு முறை முடியாது என்று சொல்லுவாள். அந்தச் சொல் அவளுக்கு இரண்டு மொழியிலும் தெரியும். உன்னிடம் சொல்லவில்லை. தெரியாமல் கொடுக்கவில்லை, ரோனெல். யாருக்கென்று தைத்தது என்று அவளுக்குத் தெரியும், யார் மடியில் வைத்தாள் என்றும் தெரியும். நீ திருப்பிக் கொடுத்தால் அவள் கொடுக்கவே இல்லை என்று ஆகிவிடும். நீ வருத்தப்படு. அது உன் பங்கு. ஆனால் அவள் கொடுத்ததை எடுத்து ஊருக்குக் கொடுக்காதே.

இறுக்கமாக இருந்தால் என்ன செய்வது என்று நான் சொல்லித்தர வேண்டுமா? உள்பக்கத் தோலை ஈரத்துணியால் நனை. மணிமேல் தண்ணீர் படாமல் பார். குதிகால் தையலைப் பிரி, ஒரு துண்டு தோல் வைத்துத் தை. ஈரம் காயும்வரை கழற்றாமல் நட. வலிக்கும். தோல் அப்படித்தான் பாதத்தைக் கற்கும்.

பத்தொன்பதாம் தேதிப் பேருந்துக்குச் சித்தப்பா லேண்டரில் நிற்பார். முடியை மறக்காதே.

சின்னம்மா


ரோனெல் மே பதினொன்றாம் தேதி காலை அருங்காட்சியகத்துக்குப் போனாள். தாளில் கையெழுத்துப் போடவில்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லிக் காலணிகளை வாங்கிக்கொண்டாள். பேராசிரியர் காரணம் கேட்டார். "என்னோடது" என்றாள். அறைக்கு வந்து குதிகால் தையலைப் பிரித்து, தன் தோல் கைப்பையிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்துத் தைத்தாள். தையல் கோணலாக இருந்தது. உள்பக்கத்தை நனைத்தாள், கால்களை நுழைத்தாள், விடுதியின் நீண்ட வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்தாள். காய மாலை நான்கு மணி ஆயிற்று.